காது குத்திய கிடாக்கள்

வாக்கு கேட்டு வாங்கியவள் ஷாமளா. கொடுத்தவன் காளிதாஸ். ஏழாங்கட்டை முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு அவனுடைய கிடாக்களை எடுத்துக்கொண்டால் ஆட்டுப் பண்ணை தொடரும். எடுத்துக்கொள்ளாவிட்டால் பண்ணையை மூடிவிட்டு அவன் சிங்கப்பூருக்கே வேலைக்குத் திரும்புவான். போன வாரம் சாப்பாட்டு மேசையில், மகள் லோஷினியைச் சாட்சியாக வைத்துக் கணவனும் மனைவியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

சாட்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். யார் ஜெயித்தாலும் ஆட்டுத் தீவன மூட்டையை இனிமேல் என் அறையில் வைக்கக் கூடாது.

இன்று கோயில் கமிட்டி கிடா பார்க்க வருகிற நாள்.

காளிதாஸ் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டான். கோத்தா திங்கி டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொஞ்ச தூரம். செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் வாடகை நிலம். அதில் கால் நட்டுப் பலகை பரப்பிய ஆட்டுக் கொட்டில், கண்டாங் என்பார்கள். தரையைக் கழுவினான். கறுப்புக் கிடாக்களை மட்டும் முன்வரிசைக்கு மாற்றினான். புல்லை நறுக்கித் தொட்டியில் நிரப்பினான். பிறகு செய்வதற்கு வேலை இல்லாமல் மறுபடியும் தரையைக் கழுவினான்.

பல வருடங்கள் சிங்கப்பூரில் சிப் தயாரிக்கும் ஃபேக்டரியில் இருந்தவன். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, இரவு ஷிப்ட். சாயந்திரம் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், காலையில் அதே நெரிசலில் திரும்பி வந்து, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியவன். ஒரு நாள் விட்டுவிட்டான். விபத்து இல்லை, சண்டை இல்லை. பகலில் விழித்திருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதை யாரிடமும் விளக்க முடியவில்லை. ஷாமளாவிடம் முடியவே இல்லை.

ஆட்டுப் பால் விற்பதுதான் முதல் திட்டம். வாங்க ஆள் இல்லை. அடுத்து வாங்கிய ஆடுகளில் பாதி சளி பிடித்துச் செத்தன. மிச்சம் இருந்தவற்றின் குட்டிகளைத்தான் கண்ணும் கருத்துமாக வளர்த்தான். இன்று வரிசையில் நிற்பவை அவைதான்.

அய்யாவு தன்னுடைய பெரிய வண்டியில் வந்து இறங்கினார். லாரி வைத்துத் தொழில் செய்பவர், கோயில் கமிட்டித் தலைவர். அவருடன் லோகேஸ்வரன் என்ற இளைஞன். கமிட்டியில் படம் எடுப்பதும் அதை வாட்ஸ்அப்பில் போடுவதும் அவன் பொறுப்பு.

அய்யாவு கிடாவைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். தொடையைப் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பை விரலால் தடவினார். குளம்பைத் தூக்கினார். கிடா தலையைத் தொட்டிக்குள் விட்டுத் தின்றுகொண்டே இருந்தது. சுத்தக் கறுப்பு, ஒரு வெள்ளை மயிர் கிடையாது, நல்லாத்தான் வளர்த்திருக்கிறாய் என்றார். அவர் எதையும் பாராட்டி காளிதாஸ் கேட்டதில்லை.

பல் பார்ப்பதற்காக லோகேஸ்வரன் கொம்பைப் பிடித்துத் தலையை மேலே இழுத்தான்.

அய்யாவு பல்லைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தார். இடது காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, அதில் எண்.

"இது என்ன தம்பி?"

"டேக், அண்ணே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். எப்ப பொறந்துச்சு, என்ன ஊசி போட்டோம், எல்லாம் சொல்லிடுவேன்."

"ஓட்டை போட்டியா?"

"ஒரு கிளிக்தான். வலிக்காது."

"வலிக்குதான்னு நான் கேக்கல."

அவர் அடுத்த கிடாவிடம் போனார். அதற்கு அடுத்ததிடம் போனார். எல்லாக் காதிலும் மஞ்சள். லோகேஸ்வரன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டான்.

"காது குத்துக்கு எங்களக் கூப்பிடவே இல்லயே, அண்ணே. யாரு மடியில ஒக்கார வச்சுக் குத்துனீங்க? தாய்மாமன் சீரெல்லாம் வந்துச்சா?"

காளிதாஸுக்கு இன்னும் விளங்கவில்லை. அய்யாவு சொன்ன பிறகுதான் விளங்கியது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சாமிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் கிடாக்குட்டியின் காதில் வெட்டுப் போட்டு விடுவார்கள். வெட்டுக் காது என்றால் அந்த ஆட்டுக்கு ஏற்கெனவே ஒரு சாமி சொந்தக்காரர். அதைக் கொண்டுபோய் இன்னொரு சாமி முன்னால் நிறுத்தினால் அது காணிக்கை இல்லை, திருட்டு.

"இது எந்தச் சாமிக்கும் நேர்ந்தது இல்லண்ணே. நான்தான் போட்டேன்."

"நீ சொல்ற. ஆடு சொல்லுமா? திருவிழா அன்னைக்கு கூட்டத்துல ஒருத்தன் காதப் பாத்துட்டு வாயத் தொறந்தா நான் என்ன சொல்றது? அது சிங்கப்பூர் ஃபேக்டரி நம்பர்னா?"

காளிதாஸ் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான். வெட்டுவதற்கு முன் கிடா மேல் தண்ணீர் தெளிப்பார்கள், அது உடம்பை உதறினால் சாமி சம்மதம் கொடுத்துவிட்டதாக அர்த்தம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். இப்போதே தெளித்துப் பார்க்கலாமே என்றான். சாமியையே கேட்டுவிடலாம்.

அய்யாவு முகம் மாறாமல் பதில் சொன்னார்.

"அது வெட்டுற எடத்துல கேக்குற கேள்வி. வாங்குற எடத்துல நான்தான் கேக்கணும்."

வண்டி கிளம்பும்போது லோகேஸ்வரன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

*

ஷாமளா டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அன்று மதியத்தோடு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அவளை அழைத்து வந்தது அவள் தம்பி செல்வா. ஜேபி என்று சொல்கிற ஜொகூர் பாருவில் வீடு, வேலை அதே சிங்கப்பூர் ஃபேக்டரியில். ஒரு காலத்தில் காளிதாஸ்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டு வேலை கற்றுக் கொடுத்தான். இப்போது செல்வா அந்த லைனுக்கு சூப்பர்வைசர். காளிதாஸ் திரும்பிப் போனால் அவனுக்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

அதை இருவரும் இதுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

கண்டாங்கின் படியில் காளிதாஸ் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததும் ஷாமளாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்கவில்லை. செல்வா கேட்டான். காளிதாஸ் சுருக்கமாகச் சொன்னான்.

செல்வா தலையைச் சொறிந்துகொண்டான். சாயந்திரத்துக்குள் மேனேஜர் போன் செய்வார், ஆள் இல்லாமல் லைன் தடுமாறுகிறது, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். பிறகு, அக்கா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, வேறு வழியும் ஒன்று இருக்கிறது என்றான். சாஆ என்ற ஊரில் ஒரு கோயிலைத் தெரியும். அங்கேயும் திருவிழா வருகிறது.

"டேக்கக் கழட்டுங்க, மாமா. முள்ளுக்கம்பியில மாட்டிக் கிழிச்சுக்கிச்சுன்னு சொல்லிடுங்க. யாரு லென்ஸு வச்சு பாக்கப் போறா?"

காளிதாஸ் மறுக்கவில்லை. இடுக்கியை எடுத்து வந்தான். ஒரு கிடாவின் வில்லையை நறுக்கி எடுத்தான். காதில் சுத்தமான வட்டத் துளை. அதன் வழியாக மறுபக்கத்துப் பச்சை தெரிந்தது. எந்த முள்ளுக்கம்பியும் இவ்வளவு ஒழுங்காகக் கிழிக்காது.

ஆனாலும் சாஆவுக்குப் போன் செய்தான். பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டுதான் செய்தான். அவன் பெயரைச் சொன்னதுமே அந்தப் பக்கத்தில் சிரித்தார்கள். காது குத்திய கிடா வைத்திருப்பவரா என்று கேட்டார்கள். லோகேஸ்வரன் எடுத்த படம் அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே காளிதாஸ் அன்று பொய் சொல்லவில்லை. அதற்காக அவனை யாரும் மெச்ச வேண்டியதில்லை.

அடுத்து டவுனில் இருக்கும் ஆட்டிறைச்சிக் கடைக்காரரிடம் பேசினான். கல்யாண வீட்டு ஆர்டர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். சாமிக்குத்தான் காது முக்கியம், சட்டிக்கு இல்லை என்றார். நஷ்டம் அதோடு நிற்கும். ஆனால் ஒப்பந்தம் சட்டியைப் பற்றியது அல்ல.

"அப்ப முடிஞ்சுது," என்றாள் ஷாமளா.

அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. அவள் கண்டாங்குக்குள் பார்க்காமல் வெளியே, மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காளிதாஸ் உள்ளே போனான். பின்வரிசைத் தடுப்பில் புதுக் குட்டிகள் இருந்தன. போன மாதம் பிறந்தவை. நாலைந்து நல்ல கறுப்பு. வில்லைகள் தீர்ந்துபோய், வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று தள்ளிப்போட்டதால் அவற்றின் காதுகள் முழுசாக இருந்தன. ஒரு குட்டி அவன் கால்சட்டையின் ஓரத்தைக் கடித்து இழுத்தது. அவன் அதன் காதை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

பிறகு வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தான். மேனேஜர் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று செல்வா பின்னால் கத்தினான். வந்து சொல்கிறேன் என்று மட்டும் காதில் விழுந்தது.

*

அய்யாவுவின் லாரிக் கொட்டகையில் ஒரு லாரியைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் அதன் அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காளிதாஸைக் கண்டதும், விலையைக் குறைத்தாலும் எடுக்க முடியாது என்று அவராகவே ஆரம்பித்தார்.

விலை பேச வரவில்லை என்றான் காளிதாஸ். அந்தக் கிடாக்களைப் பற்றியே பேச வரவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அய்யாவு நிமிர்ந்தார்.

வரும் வழியில் அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தான். இருந்தும் கோர்வையாக வரவில்லை. நேர்ந்துகொள்கிற குடும்பங்கள் எல்லாம் தோட்டத்தை விட்டு வந்து வருடக்கணக்காகிவிட்டது. குட்டியிலிருந்து வளர்த்துக் கொடுக்கிறேன் என்றுதான் சாமியிடம் சொல்கிறார்கள். ஆனால் கடைசி வாரத்தில் யாரிடமோ ஒரு கிடாவை வாங்கி வந்து நிறுத்துகிறார்கள். அது எங்கே பிறந்தது, யாருடையது, ஒருவருக்கும் தெரியாது.

"தாமான் வரிசை வீட்டுல கிடாவ எங்கண்ணே கட்டுவாங்க, கார் நிறுத்துற எடத்துலயா? குட்டியிலயே வந்து பாக்கட்டும். அவங்க கையால மஞ்சத்துணி கட்டட்டும். ஞாயித்துக்கெழம புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து புல்லு போடட்டும். நான் வளக்குறேன். காதுல கை வைக்க மாட்டேன்."

அய்யாவு கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அந்த யோசனை பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. ஆள் கிடைக்கும், என் வீட்டிலேயே ஒரு நேர்த்தி பாக்கி இருக்கிறது என்றார். பிறகு அவனைக் கூர்ந்து பார்த்தார்.

"துணி கட்டுனா கட்டுனதுதான், தம்பி. பாதியில வச்சிட்டுப் போற வேலை இல்ல இது. நீ திரும்ப சிங்கப்பூர் போறதா ஊருல பேசிக்கிறாங்க. ஒரு வருஷம் கழிச்சு நாங்க வரும்போது கண்டாங் காலியா இருந்தா முனீஸ்வரன் யாரப் போய்க் கேப்பாரு?"

காளிதாஸ் வாயைத் திறந்தான். போகவில்லை என்று சொல்ல வேண்டிய இடம். சொல்ல முடியவில்லை. வீட்டில் கொடுத்த வாக்கு ஒன்று குறுக்கே கிடந்தது.

நாளைக் காலையில் நானே குட்டி பார்க்க வருகிறேன் என்றார் அய்யாவு. நீ இருந்தால் கட்டுவோம். இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடுகிறேன்.

அவன் வண்டியைத் திருப்பும்போது அவர் சும்மா பேச்சுக்காக ஒன்றைச் சொன்னார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. நீ ஜேபிகாரன், ஒனக்குத் தெரியாது. ஷாமளாவுக்குமா தெரியாது? அவ அப்பாதான நம்ம கோயில்ல எல்லா வருஷமும் கிடாவப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. சின்னப் புள்ளையா இவளும் பக்கத்துல நிப்பா."

காளிதாஸ் வண்டியை முடுக்கினான்.

வில்லை குத்திய நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. குட்டிகள் துள்ளின. ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. ஷாமளாதான் ஒவ்வொரு குட்டியையும் மடியில் வைத்து, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

*

வீட்டில் செல்வா தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். லோஷினி டியூஷனுக்குப் போயிருந்தாள். ஷாமளா மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காளிதாஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்து நின்றான்.

"ஒனக்குத் தெரியும்."

ஷாமளா கத்தியைக் கீழே வைத்தாள். எது என்று கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை.

"தெரியும்."

செல்வா எழுந்தான். அவள் அவனை உட்காரச் சொன்னாள். எழுந்து போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதை இங்கேயே உட்கார்ந்து கேள் என்றாள்.

"மொதக் குட்டியப் புடிக்கும்போதே சொல்ல வந்தேன். அதுக்கு முந்தின வாரம்தான் மழைநாளு புல்லக் காயவச்சுப் போடுங்கன்னு சொன்னேன். என்ன சொன்னீங்க? ஆடு வளக்குற கோர்ஸுல அப்படிச் சொல்லலன்னீங்க. மூணு நாளு கோர்ஸு. அத வச்சி மூணு மாசம் எனக்குப் பாடம் எடுத்தீங்க. சரி, இதையும் கோர்ஸே சொல்லட்டும்னு விட்டேன்."

"அதுக்காக?"

"அதுக்காக மட்டும் இல்ல." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "இது விழுந்துடும்னு நெனச்சேன். விழுந்தா நீங்க பழையபடி வேலைக்குப் போயிடுவீங்க. அது வேணும்னுதான் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எல்லாக் குட்டியையும்."

காளிதாஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். வைக்க இடம் தேடுவதுபோல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். திட்ட வேண்டும் என்றுதான் வேகமாக வந்திருந்தான். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டவளை எங்கிருந்து திட்டத் தொடங்குவது? அதோடு, அந்தப் புல் விஷயத்தில் அவள் சொன்னது சரிதான். ஈரப்புல் தின்று வயிறு ஊதி ஒரு தாயாடு செத்தது. அதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை.

அய்யாவு சொன்னதைச் சொன்னான். மஞ்சள் துணி, குட்டிகள், ஒரு வருடம், நாளைக் காலை. கெஞ்சவில்லை. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், நீ போகச் சொன்னால் போகிறேன், ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குப் போக விருப்பம் இல்லை என்றான். இவ்வளவு தோற்ற பிறகுதான் இந்த வேலை என்னவென்றே எனக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்றான்.

செல்வா சிரித்தான். ஒரு வருடம் வீட்டை எது ஓட்டும், மஞ்சள் துணியா என்று கேட்டான். அக்கா சம்பளம் மட்டும் போதும் என்றால் அவளே இந்த ஒப்பந்தத்தைக் கேட்டிருக்க மாட்டாள் என்றான். அதில் தப்புச் சொல்ல எதுவும் இல்லை.

செல்வாவின் போன் மேசையில் அதிர்ந்தது. மேனேஜர்.

செல்வா காளிதாஸைப் பார்த்தான். காளிதாஸ் ஷாமளாவைப் பார்த்தான். போன் அதிர்ந்தபடியே வெங்காயத் தோல்களுக்கு நடுவே நகர்ந்தது.

ஷாமளா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.

லோஷினி பிறப்பதற்கு முன் அவளும் அந்த ஃபேக்டரியில்தான் இருந்தாள். காளிதாஸை முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். மேனேஜர் பழைய ஆள். அவள் தன் பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது, அவள் இரண்டு முறை நலம் விசாரிப்புக்கு நன்றி சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில், அவசரம் இல்லாமல், காளிதாஸ் வரமாட்டார் என்றாள். அந்த இடத்துக்கு நான் வருகிறேன், மைக்ரோஸ்கோப் வேலை எனக்கு மறக்கவில்லை, இரவு ஷிப்ட் என்றாலும் பரவாயில்லை என்றாள்.

செல்வா வாய் பிளந்தபடி இருந்தான். காளிதாஸ், வேண்டாம் என்று கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. வேண்டாம் என்றால் நாளைக் காலை அய்யாவு வந்த வழியே திரும்பிப் போவார். சரி என்றால், தான் தப்பித்து வந்த இடத்துக்குத் தன் மனைவியை அனுப்புகிறவன் ஆவான்.

இரண்டில் எதையும் அவன் சொல்லவில்லை. அவளும் அவன் பக்கம் திரும்பவில்லை.

பெர்மிட் போட எத்தனை நாள் ஆகும் என்று அவள் விசாரித்தாள். சரி, சரி என்று கேட்டுக்கொண்டாள். வைப்பதற்கு முன் இன்னொன்று கேட்டாள். அதைக் கேட்கும்போது மட்டும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அங்கேயே தங்குவதற்கு ரூம் கிடைக்குமா?

கோத்தா திங்கியிலிருந்து தினமும் போய்வரலாம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து ஒருவன் அத்தனை வருடம் போய்வந்திருக்கிறான்.